கோடு கீறிய டாக்டர்

ரேடியம் அறையின் தரையில் ஒரு சிவப்புக் கோடு இருந்தது. டாக்டரே குனிந்து பெயின்டால் கீறியது. சுவரில் தொடங்கிச் சுவரில் முடியும். கோட்டுக்கு அந்தப் பக்கம் ஈயப் பெட்டியும் ஊசிகளும் அவரும். இந்தப் பக்கம் மற்ற எல்லோரும்.

ரேடியம் என்றால் இன்றைய பிள்ளைகளுக்குத் தெரியாது. அது ஓர் உலோகம். அதைச் சின்னஞ்சிறு குழாய்களில் அடைத்து, புற்று வந்த இடத்தில் சில நாட்கள் குத்தி வைப்பார்கள். குழாய் என்றாலும் நாங்கள் ஊசி என்றுதான் சொல்வோம். ஒவ்வொன்றின் தலையிலும் ஒரு துளை இருக்கும், திரும்ப இழுத்தெடுக்க அதில் பட்டு நூல் கோத்திருக்கும். அதிலிருந்து ஏதோ ஒன்று வெளிவந்து புற்றைச் சுடுமாம். வெளிவருவது கண்ணுக்குத் தெரியாது, மணக்காது, சுடுவதும் அப்போது தெரியாது. கிட்டப் போகப் போகக் கூடும், தள்ளிப் போகப் போகக் குறையும். நான் விளங்கிக்கொண்டது அவ்வளவுதான். அது போதும் என்று டாக்டரே ஒருமுறை சொல்லியிருக்கிறார்.

வெள்ளைக்காரன் ஆண்ட கடைசிக் காலம் அது. யுத்தம் இன்னும் வரவில்லை. நான் கொழும்பில் கொட்டாஞ்சேனையிலிருந்து நடந்தே வேலைக்குப் போவேன். இரண்டாம் வகுப்புக்கு மேல் படிக்காதவள், ஆனால் ஆயா வேலையில் என்னைக் குறை சொன்னவர் இல்லை. அதனால்தான் அந்த அறைக்குப் போட்டார்கள்.

முதல் நாள் அவருக்குத் தேநீர் கொண்டுபோனேன். வாசலைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்பேன். அவர் திரும்பாமலே சொன்னார்: “அங்கையே நில்லும். தேத்தண்ணியை வாங்கில வைச்சிட்டுப் போம்.”

அவர் யாழ்ப்பாணத்து ஆள். சீமைக்குப் போய்ப் படித்தவர். வெள்ளவத்தையில் கடல் பார்த்த வீடு. நாங்கள் இந்தியாவிலிருந்து வந்து துறைமுகத்தில் மூட்டை தூக்கிய குடும்பம். அவரைப் போன்றவர்கள் எங்களைப் போன்றவர்களை அங்கேயே நில் என்றால் அதற்கு என்ன பொருள் என்று எனக்கு யாரும் படிப்பிக்கத் தேவையில்லை. கோப்பையைச் சுவரோரத்து மரப்பலகை வாங்கில் வைத்துவிட்டு வந்தேன். அடுத்த நாளிலிருந்து வாங்குக்குக்கூடப் போகவில்லை, வாசற்படியிலேயே வைத்தேன். வேண்டுமென்றால் வந்து எடுக்கட்டும். அவர் வந்து எடுத்துக் குடித்தார். ஆறிப்போயிருக்கும். ஆறியது அவருக்குத் தெரிந்ததாகவும் காணவில்லை.

அப்படியே சில கிழமைகள் போயின. ஒரு நாள் பெரிய மேட்ரன் அறைக்குள் வந்தாள். வெள்ளைக்காரி. அவள் நடந்தால் வாட்டில் இருமல்கூட நிற்கும். அவள் கோட்டை மிதித்துக்கொண்டு போய் ஈயப் பெட்டியை எட்டிப் பார்க்க, டாக்டர் ஒரு கையை நீட்டி இங்கிலீஷில் ஏதோ சொன்னார். எனக்குச் சொன்ன அதே குரல். மேட்ரனின் முகம் சிவந்துபோயிற்று. திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து கோட்டுக்கு இந்தப் பக்கம் வந்து என் பக்கத்தில் நின்றாள். ஆயாவுக்குப் பக்கத்தில் மேட்ரன் நின்றதை அந்த ஆஸ்பத்திரியில் அதற்கு முன் யாரும் கண்டதில்லை. மறுநாள் தேநீரைச் சூடாக வாங்கில் கொண்டுபோய் வைத்தேன்.

இதனால் அவர் சாதி பார்க்காதவர் என்று நான் சத்தியம் செய்ய மாட்டேன். எங்கள் வீட்டு விசேஷத்துக்கு ஒருமுறை வந்தார், சோடாப் போத்தலை உடைத்துக் கொடுத்ததைக் குடித்தார், பலகாரத்தில் கை வைக்கவில்லை. அதற்கு எது காரணம் என்று அவருக்குத்தான் தெரியும். கோட்டுக்குக் காரணம் மட்டும் எனக்குத் தெரியும்.

அவருடைய கைகளைப் பற்றிச் சொல்ல வேண்டும். நகங்கள் கறுத்து, வரிவரியாக வெடித்திருக்கும். விரல் நுனித் தோல் பலாமரத்துப் பட்டையைப் போல. ஒரு வெடிப்பு ஆறினால் பக்கத்தில் இன்னொன்று திறக்கும். எக்ஸ்ரேயும் ரேடியமும் சேர்ந்து செய்த வேலை. இளம் டாக்டராக எக்ஸ்ரே அறையில் வேலை செய்த காலத்தில், மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று காலையில் தன் கையையே அதற்கு முன்னால் நீட்டிப் பார்ப்பாராம். எலும்பு தெளிவாகத் தெரிந்தால் மெஷின் சரி. சோறு வெந்ததா என்று ஒரு பருக்கையை நசுக்கிப் பார்க்கிறோமே, அது போல. அப்போது எல்லா ஊரிலும் எல்லோரும் அப்படித்தான் செய்தார்களாம். ரேடியம் வந்த புதிதில் அதைத் தங்கள் முழங்கையில் கட்டிவைத்து, தோல் எப்போது சிவக்கிறது என்று பார்த்தே அளவு கண்டுபிடித்தார்களாம். அவருடைய இடது முழங்கைக்குக் கீழே ஐந்து சத நாணயக் குற்றியளவில் ஒரு வெள்ளைத் தழும்பு இருந்தது. தன்னோடு சீமையில் படித்த ஒருவர் ரேடியக் குழாயைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு கூட்டத்துக்குப் போய்ப் பேசினாராம். பேசி முடிக்கும்வரை ஒன்றும் இல்லை. பத்துப் பதினைந்து நாள் கழித்து அந்தப் பையிருந்த இடத்தில் புண். இதையெல்லாம் படிக்க வந்த தாதிப் பிள்ளைகளுக்கு மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில் கதையாகச் சொல்வார். சிரிக்காமல் சொல்வார், பிள்ளைகள் சிரிப்பார்கள், அவர் நிறுத்திவிட்டுச் சிரிப்பு முடியும்வரை காத்திருந்து அடுத்த வசனத்தைச் சொல்வார்.

அந்த விரல்களால் சோறு பிசைய முடியாது, புளி பட்டால் எரியும். கரண்டியால் சாப்பிடுவார். அவருடைய சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணத்தில் வாழை இலைக்கு முன்னால் உட்கார்ந்து கரண்டி கேட்டாராம். பந்தியில் ஒருவர், “லண்டன் பட்டமெல்லே, கையால சாப்பிட்டா அழிஞ்சு போயிடும்” என்று சொல்ல, பந்தி முழுக்கச் சிரித்ததாம். இவர் கரண்டி வரும்வரை இலையைத் தொடவில்லையாம். இதை எனக்குச் சொன்னது அவருடைய மனைவி. ஆஸ்பத்திரிச் சாமான் ஏதாவது கொண்டு நான் வெள்ளவத்தைக்குப் போனால் அந்த அம்மா என்னை உட்காரவைத்துக் கதைப்பார். இவர் யார் வீட்டுக் குழந்தையையும் மடியில் வைக்க மாட்டாராம், வேலையிலிருந்து வந்து குளிக்கும்வரை ஒருவரும் பக்கத்தில் போகக் கூடாதாம். “உங்களுக்கு அங்க மட்டும்தான் கோடு, பிள்ளை. எனக்கு வீடு முழுக்கக் கோடு” என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார்.

எங்களையும் அவர் ஓர் இடத்தில் நிலைக்க விடவில்லை. ஆயாவோ தாதியோ வேலை பழகிக் கை வந்ததும் வேறு வாட்டுக்கு மாற்றிவிடுவார். தண்டனை என்று அழுத பிள்ளைகள் உண்டு. என்னை இரண்டு முறை மாற்றி இரண்டு முறை திரும்ப எடுத்தார். தன்னை மட்டும் மாற்றிக்கொள்ளவில்லை. ஒரு நாள் நான் கேட்டேவிட்டேன். “எனக்குப் பதிலா ஆரைப் போடுறது? போட்டா அவற்ற கையும் இப்பிடி ஆகும்” என்றார். பல வருஷம் கழித்து அதே ஆஸ்பத்திரியில் அவருக்கு இரண்டு விரல்களை வெட்டி எடுத்தார்கள்.

நல்லதையே சொல்லிக்கொண்டு போகவும் எனக்கு மனமில்லை. மலைநாட்டிலிருந்து வந்த ஒரு பெண், சின்ன வயது, ஊசிகளோடு தனியாகப் படுத்திருந்தாள். சாகப் போகிறாள் என்று எங்களுக்கும் தெரியும், அவளுக்கும் தெரியும். கையைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருங்கள் அக்கா என்று என்னைக் கேட்டாள். நான் கட்டிலடியில் முக்காலியை இழுத்துப் போட்டேன். அவர் வந்து முக்காலியை எடுத்துக்கொண்டு போய்விட்டார். அந்தப் பெண் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அவர் செய்தது சரியாக இருக்கலாம். அதற்காக அவரை நான் மன்னிக்க வேண்டும் என்று இல்லை.

இனி அந்தத் தாயத்துக் கதை.

கொழும்புக் கடற்கரையில் மீன்பிடிக்காரர் இருக்கும் முகத்துவாரத்திலிருந்து ஒரு பெண் வந்தாள். கணவன் இல்லை, தங்கை குடும்பத்தோடு இருந்தாள். ஓயாமல் வெற்றிலை போட்டு, கன்னத்தின் உள்ளே புற்று. டாக்டர் அவளுடைய கன்னத்தில் ஊசிகளை வைத்து, நூல்களை வெளியே இழுத்துப் பிளாஸ்டரால் ஒட்டினார். அவள் பயந்து நடுங்கியதைப் பார்த்து, வழக்கமில்லாத வழக்கமாக ஒரு ஆறுதல் சொன்னார். “பயப்படாதையும். இந்த ஊசிதான் உம்மைக் காப்பாத்தப் போகுது.”

அந்த வார்த்தையை அவள் அப்படியே பிடித்துக்கொண்டாள்.

சில நாட்களில் ஓர் ஊசி குறைந்தது. காலையில் நூல்களைப் பார்த்தவர் மறுபடியும் பார்த்தார், பிறகு கதிரையில் உட்கார்ந்துவிட்டார். அவர் வேலை நேரத்தில் உட்கார்ந்ததை நான் அன்றுதான் கண்டேன். அவளைக் கேட்டால் தெரியாது என்று தலையாட்டினாள். வாய் வீங்கியிருந்ததால் பேச்சும் வரவில்லை. விழுங்கியிருப்பாளோ என்று எக்ஸ்ரே எடுத்தார்கள், இல்லை. மெத்தையை உதறினோம். அழுக்குத் துணியை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். குப்பைக் கிடங்கிலும் சாக்கடை வாயிலும் அவர் தன் பெட்டியோடு அலைந்தார்.

அந்தப் பெட்டியை அவர் ‘இலை’ என்பார். கண்ணாடி வைத்த சின்னப் பெட்டி. உள்ளே ஒரு கம்பியில் இலை போலத் தங்கத் தகடு, வெங்காயச் சருகைவிட மெல்லியது. ஒரு கறுப்புக் கோலைக் கம்பளியில் தேய்த்துத் தொட்டால் தகடு எழும்பி நிற்கும். ரேடியத்துக்குக் கிட்டக் கொண்டுபோனால் விழுந்துவிடும். கொழும்புக் கடற்காற்றின் ஈரத்தில் அது தானாகவும் விழும். அதற்காக உள்ளே சுடாத சுண்ணாம்பு... இல்லை, சுட்டு நீர் படாத சுண்ணாம்புக் கட்டி ஒன்று போட்டு வைத்திருப்பார். அன்று எங்கே வைத்தும் இலை விழவில்லை.

மற்ற ஊசிகளை எடுத்து, வீக்கம் வற்றி, அவளுக்குப் பேச்சு வந்த அன்று நான் அவளுக்குக் கஞ்சி கொடுத்தேன். தங்கை மகனுக்குக் காய்ச்சல் விட்டுவிட்டதாம், சந்தோஷமாகச் சொன்னாள். என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேட்டேன். “இஞ்ச இருந்துதான் குடுத்துவிட்டன்” என்றாள். வாய் கொப்பளிக்கும்போது ஓர் ஊசி கழன்று விழுந்திருக்கிறது. நூலோடு சேர்த்துச் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்திருந்து, தங்கை பார்க்க வந்தபோது கொடுத்துவிட்டாள். காப்பாற்றும் என்று டாக்டரே சொன்ன சாமான். துளையும் நூலும் உள்ள வெள்ளைக் குழாய், தாயத்துக்கும் அதற்கும் பார்வையில் ஒரு வித்தியாசமும் இல்லை. தங்கை அதை மகனின் அரைநாண் கயிற்றில் கட்டிவிட்டாள். அவனுக்கு இரண்டு வயது.

நான் கஞ்சிக் கோப்பையை வைத்த இடம் ஞாபகமில்லை. டாக்டரிடம் போய்ச் சொன்னேன். அவர் என்னை ஒன்றும் திருப்பிக் கேட்கவில்லை. “முகத்துவாரத்தில வீடு தெரியுமோ?” என்று மட்டும் கேட்டார்.

அவருடைய காரிலேயே போனோம். ஒழுங்கைக்குள் கார் போகாது. ஊசியைப் போட்டு எடுத்துவரக் கொண்டுபோன ஈயக் குடுவை சின்னதுதான், ஆனால் கல்லுப் போல் பாரம். நான் தூக்குகிறேன் என்றேன், தரவில்லை. வலை காயப்போட்ட முற்றங்களைத் தாண்டி அந்த வீட்டு வேலிக்கு வந்ததும் பெட்டியை நிலத்தில் வைத்து இலையை எழுப்பினார். இலை மெல்ல மெல்லச் சாய்ந்து விழுந்தது. பையன் முற்றத்து மணலில் சிரட்டையில் மண் அள்ளிக்கொண்டிருந்தான். அரையில் கயிறு, கயிற்றில் குழாய். வேறு துணி இல்லை.

தாய் அடுப்படிக் குசினியிலிருந்து வந்தாள். டாக்டர் விஷயத்தைச் சொன்னார். இது ஆஸ்பத்திரிச் சாமான், பிள்ளைக்கு ஆபத்து, உடனே கழற்ற வேண்டும் என்றார். கட்டின அன்றே காய்ச்சல் விட்டது, எப்படிக் கழற்றுவது என்று அவள் கேட்டாள். உங்களிடம் பெட்டி நிறைய இருக்கிறதாம், எங்களுக்கு ஒன்று இருந்தால் என்ன என்றும் கேட்டாள். இது நெருப்பு மாதிரி, உடம்பைச் சுடும் என்றார் டாக்டர். அவள் குனிந்து குழாயை இரண்டு விரலால் பிடித்துப் பார்த்தாள்.

“எங்க டாக்டர் ஐயா சுடுது? பச்சத் தண்ணி மாதிரிக் குளுந்து கிடக்கு.”

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. குளிர்ந்த நெருப்பை யார் நம்புவார்கள்? எனக்குப் பொறுக்கவில்லை, பொலிசைக் கூட்டிவர வேண்டியிருக்கும் என்று சொல்லிவிட்டேன். அவள் பிள்ளையை வாரி எடுத்துக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்தித் தாழ்ப்பாள் போட்டாள். டாக்டர் என்னைப் பார்த்த பார்வையைச் சொல்லத் தேவையில்லை.

அவர் கதவைத் தட்டவில்லை. ஜன்னலுக்குப் போனார். மரக் கம்பி போட்ட சின்ன ஜன்னல். கம்பிகளுக்கு ஊடாக இரண்டு கைகளையும் உள்ளே நீட்டி, விரல்களை விரித்து வைத்துக்கொண்டார்.

“இஞ்ச வாரும், பிள்ளை. கிட்ட வந்து பாரும்.”

அத்தனை காலத்தில் அவர் வாயிலிருந்து ‘கிட்ட வா’ என்ற வார்த்தையை நான் கேட்டதில்லை. அவர் கைகளை எடுக்கவில்லை.

“இது நெருப்புச் சுட்டு வந்ததில்லை. அந்தச் சாமானைத் தொட்டுத் தொட்டு வந்தது. எனக்கும் அது குளிராத்தான் இருந்தது.”

கொஞ்ச நேரம் கழித்து அவள் ஜன்னலடிக்கு வந்தது தெரிந்தது. விரல்களைப் பார்த்தாள். நகத்தைத் தொட்டுப் பார்த்ததாகவும் எனக்கு ஞாபகம். பிறகு இடுப்பிலிருந்த பிள்ளையைத் திருப்பிப் பிடித்து, குழாயை ஒதுக்கிப் பார்த்தாள். அதற்குக் கீழே தோல் சிவந்து, நடுவில் கொப்புளமாகத் தொடங்கியிருந்தது. கட்டெறும்பு கடித்தது என்று நினைத்துத் தேங்காய் எண்ணெய் தடவியிருந்தாளாம். தாழ்ப்பாள் திறந்தது.

கயிற்றை அவளே அறுத்தாள். டாக்டர் நீளக் குறட்டால் குழாயைப் பிடித்துக் குடுவைக்குள் போட்டு மூடினார். பையன் அழவில்லை, தன்னுடைய விளையாட்டுச் சாமான் எங்கே போகிறது என்று குடுவையைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

அந்தப் புண் பெரிதாகி, ஆற நெடுநாள் எடுத்தது. டாக்டர் கிழமைக்கொரு தடவை போய் மருந்து கட்டினார். பையன் வளர்ந்து ஆளாகி வத்தளைப் பக்கம் வீடு கட்டிக்கொண்டு போனான். அரையில் தழும்பு மட்டும் நின்றது. பெரியம்மாக்காரியும் கன்னம் ஆறிப் பல காலம் இருந்தாள், வெற்றிலையையும் விடவில்லை. ஆனால் அன்று அந்த முற்றத்தில் நின்றபோது இதெல்லாம் எங்களுக்குத் தெரியாது.

நாங்கள் புறப்படும்போது தாய் வேலிவரை வந்தாள். பிள்ளையின் அரை வெறுமையாகப் போயிற்றே, காய்ச்சல் திரும்பி வந்தால் என்ன செய்வது என்றாள். அவர் மருந்தைப் பற்றி ஏதோ சொல்ல வாயெடுத்து, நிறுத்தி, “நாளைக்குக் கொண்டு வாறன்” என்றார்.

மறுநாள் என்னையும் கூட்டிக்கொண்டு கொம்பனித்தெருவில் தாயத்து மந்திரித்துக் கொடுக்கும் ஒரு முஸ்லிம் லெப்பையிடம் போனார். எங்கள் ஆட்களும் அவரிடம்தான் போவோம், குழந்தைக்குப் பயந்த கோளாறு என்றால் அவர் ஓதின நூலுக்கு நிற்காதது இல்லை. லெப்பை ஒரு வெள்ளித் தாயத்தை எடுத்து வைத்தார். டாக்டர் ‘இலை’ப் பெட்டியைத் திறந்து, கோலைத் தேய்த்து, இலையை எழுப்பி, தாயத்தை அதற்குப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

“என்ன டாக்டர் தொரை, நம்மட தாயத்துல சந்தேகமா?”

“உங்களில சந்தேகம் இல்லை. குழாயளைத்தான் நான் நம்புறதில்லை.”

இலை விழவில்லை. “நல்லது” என்றார் டாக்டர். “இதுக்குள்ள ஒண்டும் இல்லை.”

“ஒண்டும் இல்லையா? மூணு நாளா ஓதி வெச்சீக்கிறன்” என்று லெப்பை கோபித்துக்கொண்டார். நான் வெளியே பார்த்துக்கொண்டு நின்றேன். டாக்டர் மரியாதையாகக் காணிக்கையை வைத்தார்.

முகத்துவாரத்தில் தாய் பிள்ளையைக் குளிப்பாட்டிப் புதுக் கயிறு போட்டு நிறுத்தியிருந்தாள். தாயத்தை வாங்க நான் கை நீட்டினேன். கொண்டு வந்த கையால்தான் கட்ட வேண்டும், இல்லாவிட்டால் பலிக்காது என்று அவள் சொன்னாள். டாக்டர் என்னைப் பார்த்தார். பிறகு மணலில் முழங்காலிட்டு உட்கார்ந்தார். பிள்ளையின் வயிறு அவருடைய முகத்துக்கு நேரே இருந்தது. புண்ணுக்குப் படாமல் மற்றப் பக்கமாகக் கயிற்றைத் திருப்பி, தாயத்தின் நூலை அதில் கோக்கப் பார்த்தார். அந்த விரல்களுக்கு நூல் பிடிபடவில்லை. நழுவும், திரும்ப எடுப்பார், வெடிப்பில் நூல் மாட்டும், விடுவிப்பார். பையன் அவருடைய தலைமயிரைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவர் தட்டிவிடவில்லை. கடைசியில் ஒருவிதமாக ஒரு முடிச்சு விழுந்தது. முடிச்சென்று சொல்வதற்கில்லை, இழுத்தால் கையோடு வரும்.

அவர் எழும்பி, மணலைத் தட்டி, பெட்டியை எடுத்துக்கொண்டு ஒழுங்கையில் நடந்தார். அவர் வளைவில் மறையும்வரை தாய் பிள்ளையின் அரையில் கை வைக்கவில்லை. மறைந்த பிறகு குனிந்து, அந்த முடிச்சை அவிழ்க்காமல், அதற்கு மேலேயே இறுக்கமாக இன்னொன்று போட்டாள்.